வாடிக்கையாளர் பட்டியல் பழைய ஊழியரின் கைபேசியில்: புது மென்பொருள் வாங்குமுன் ஒரு பதில்

வாசகியின் கடிதம், சுருக்கமாக

சிங்கப்பூரின் சிராங்கூன் ரோடு வட்டாரத்தில் அப்பா தொடங்கிய மளிகைக் கடையை இப்போது நடத்திவரும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஈசூனில் இன்னொரு கடையும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்துப் பதினோரு ஊழியர்கள். சரக்குக் கணக்கில் பாதி அப்பாவின் நினைவில் இருக்கிறது, மீதி ஓர் எக்செல் கோப்பில். போன தீபாவளிக்கு முறுக்கு மாவு, அதிரச மாவு இரண்டையும் அளவுக்கு மீறி வாங்கி, தேதி முடிந்து கொட்ட வேண்டியதாயிற்று. அதே வாரத்தில் நல்லெண்ணெயும் பொன்னி அரிசியும் தீர்ந்துபோய், வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

இந்த நிலையில் ஒரு மென்பொருள் விற்பனையாளர் வந்திருக்கிறார். கல்லா, சரக்கு, உறுப்பினர் பட்டியல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்குமாம்; எதை எவ்வளவு ஆர்டர் போடுவது என்று செயற்கை நுண்ணறிவே சொல்லிவிடுமாம். அரசாங்கம் பாதிச் செலவைக் கொடுக்கும், மாதக் கடைசிக்குள் 3,000 வெள்ளி முன்பணம் கட்டுங்கள் என்கிறார். ஈசூன் கடையில் ஒரு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்த்ததில், காசாளர்களில் மூத்தவரான ஓர் அம்மாதான் எல்லாரையும்விட மெதுவாக வேலை செய்கிறார் என்று அறிக்கை வந்திருக்கிறது. அவரை நிறுத்திவிடலாமா என்பது ஒரு கேள்வி. மென்பொருளை வாங்கலாமா என்பது இன்னொன்று. "நாற்பது வருஷம் கணினியா கடை நடத்தியது?" என்கிற அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பது மூன்றாவது.

கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். பழைய குலுக்கல் சீட்டுகளிலிருந்து சேர்த்த சுமார் 2,300 பேரின் பெயர், கைபேசி எண், பிறந்தநாள், அடையாள அட்டை எண் அடங்கிய பட்டியல் ஒரு ஊழியரின் சொந்தக் கைபேசியில் இருந்தது. பண்டிகை வாழ்த்து அனுப்பும் வேலை அவருடையது. அவர் இப்போது வேறு கடையில் இருக்கிறார். அந்தக் கடையின் சலுகைச் செய்திகள் இவருடைய வாடிக்கையாளர்களுக்கு வர ஆரம்பித்துவிட்டன. "சின்னக் கடைதானே, தகவல் பாதுகாப்புச் சட்டமெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தானே?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

என் பதில்

அன்புள்ள சகோதரி, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். ஆனால் நீங்கள் கடைசியில் எழுதிய விஷயம்தான் முதலில் கவனிக்க வேண்டியது. மென்பொருள் அடுத்த மாதம்கூட வாங்கிக்கொள்ளலாம். பட்டியல் விஷயம் காத்திருக்காது.

சின்னக் கடை என்பதால் சட்டம் உங்களை விட்டுவிடாது. 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2014 ஜூலை 2 முதல் முழுமையாக நடப்பில் உள்ளது. ஒருவரே நடத்தும் கடையானாலும் ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனமானாலும் பிறருடைய விவரங்களைத் தொழிலுக்காகச் சேர்த்தால் அதற்குக் கட்டுப்பட்டவர்தான். வாடிக்கையாளர்கள் தாங்களாகவே எழுதிக் கொடுத்தார்கள் என்பதும் உண்மையே. ஆனால் குலுக்கலுக்கு என்று கொடுத்தார்கள். எந்தக் காரியத்துக்குக் கொடுத்தார்களோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும். வேறு காரியத்துக்கு என்றால் பொதுவாகத் திரும்பக் கேட்க வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

உங்கள் அனுமதி இல்லாமல் ஒருவர் பட்டியலை எடுத்துப்போய்ப் பயன்படுத்துகிறார் என்றால், சட்டத்தின் கண்ணில் அது தகவல் கசிவு. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் விவரம் சம்பந்தப்பட்டிருந்தால், தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிப்பது கட்டாயம். 2021 பிப்ரவரி முதல் இப்படித்தான். என்ன நடந்தது என்று ஆராய ஏறக்குறைய 30 நாள் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஆணையத்தின் வழிகாட்டல். தெரிவிக்க வேண்டிய கசிவுதான் என்று முடிவானபின் 3 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். உங்களுக்குச் சந்தேகம் வந்த நாளிலிருந்தே ஆராயும் கடமை தொடங்கிவிட்டது. ஆகவே இன்றைக்கே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள்: யார் எப்போது சொன்னார்கள், எந்தச் செய்தி வந்தது, எந்த எண்ணிலிருந்து வந்தது. செய்தி கிடைத்த வாடிக்கையாளர்களிடம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லி வாங்கி வையுங்கள். இரண்டு மூன்று பேருக்குத்தான் வந்திருக்கிறது என்றால், அவர்கள் அந்தக் கடையிலும் எண் கொடுத்தவர்களாக இருக்கலாம். அதையும் விசாரியுங்கள்.

அந்த ஊழியருக்கு எழுத்து மூலமாகக் கடிதம் அனுப்புங்கள்: பட்டியலை அழிக்க வேண்டும், யாருக்கும் கொடுக்கவில்லை என்று உறுதி தர வேண்டும். ஃபேஸ்புக்கில் எழுதுவதோ அவருடைய புது முதலாளியிடம் சண்டைக்குப் போவதோ வேண்டாம். அனுமதியின்றித் தெரிந்தே பிறர் விவரங்களை வெளியிடுவதும், ஆதாயத்துக்காகப் பயன்படுத்துவதும் தனிநபர் செய்யும் குற்றங்கள். 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். 2022-இல் இங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்த ஒரு வழக்கும் உங்களுடையதைப் போன்றதுதான். வேலை மாறிய ஒருவர், பழைய இடத்து வாடிக்கையாளரின் விவரத்தை வைத்து அவரைத் தொடர்புகொண்டார். பாதிக்கப்பட்டவருக்கு ஏற்படும் மனவேதனையும் இழப்புதான், அதற்காக அவர் வழக்குப் போடலாம் என்று நீதிமன்றம் சொன்னது.

ஆனால் ஒன்றை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலை அவருடைய சொந்தக் கைபேசிக்கு அனுப்பியது கடை. வேலையை விடும்போது அழித்தாயா என்று கேட்காததும் கடை. சேர்த்த விவரங்களைப் பாதுகாக்கும் பொறுப்பு உங்களுடையது, அதில் குறை இருக்கிறது. அவர் மேல் புகார் கொடுத்தால் இந்தக் கேள்வியும் வரும். அதற்குப் பயந்து பேசாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. சட்டம் அனுமதிக்கும் உச்ச அபராதம் 10 லட்சம் வெள்ளி. ஆண்டு வியாபாரம் ஒரு கோடி வெள்ளியைத் தாண்டினால் அதில் பத்து விழுக்காடு வரைகூடப் போகலாம். இதைச் சொல்லி உங்களை மிரட்ட நினைக்கவில்லை. தானாக முன்வந்து சொன்னவர்களையும் உடனே சரிசெய்தவர்களையும் ஆணையம் வேறு விதமாகப் பார்க்கிறது என்பதை அதன் தீர்ப்புகளைப் படிக்கிற எவரும் அறிவார்கள்.

அடையாள அட்டை எண் உங்களுக்கு எதற்கு?

2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டால் அல்லது ஒருவரைத் துல்லியமாக அடையாளம் காண்பது அவசியமானால் தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணை வாங்கக்கூடாது. குலுக்கலும் கடை உறுப்பினர் அட்டையும் அந்த விலக்கில் வரவே வராது. கசிவு விசாரணைக்கு வேண்டிய அளவு குறிப்பை எடுத்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு, அந்த எண்களைப் பட்டியலிலிருந்து முழுவதுமாக நீக்குங்கள். பழைய சீட்டுகளையும் சும்மா குப்பையில் போடாமல் துண்டு துண்டாகக் கிழித்துப் போடுங்கள். பிறந்தநாளில் ஆண்டு வேண்டாம்; வாழ்த்துச் சொல்ல மாதமும் தேதியும் போதும்.

இருக்கிற எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் சலுகைச் செய்தி அனுப்பலாம் என்று விற்பனையாளர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தொலைபேசி எண்ணுக்கு வரும் விளம்பரச் செய்தி எந்தச் செயலி வழியாக வந்தாலும், அழைக்க வேண்டாம் என்று பதிந்துகொண்டவர்களின் பதிவேடு அதற்குப் பொருந்தும். கடையோடு தொடர்ந்து உறவில் இருப்பவர்களுக்கு எழுத்துச் செய்தி அனுப்ப ஒரு விலக்கு உண்டு. எப்போதோ ஒரு நாள் குலுக்கல் சீட்டு நிரப்பியவர் அதில் அடங்குவார் என்று நம்பி இறங்காதீர்கள். கல்லாவில் ஒரு சின்னப் படிவம் வையுங்கள். விருப்பப்படுகிறவர்கள் புதிதாகப் பதியட்டும். 2,300 பேர் 700 ஆகலாம், ஆகட்டும். அந்த 700 பேர் உங்கள் செய்தியைப் படிப்பார்கள்.

முன்பணம் கட்டாதீர்கள்

இப்போது மென்பொருளுக்கு வருகிறேன். அரசாங்கம் பாதி கொடுக்கும் என்று அவர் சொல்வது உற்பத்தித்திறன் தீர்வு மானியமாகத்தான் இருக்க வேண்டும். தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடு வரை கிடைக்கும் என்பது சரி. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே முன்பணம் கட்டியிருந்தாலோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலோ மானியம் கிடைக்காது. அவர் உங்களை அவசரப்படுத்துவது உங்களுக்குப் பாதியையும் இழக்க வைக்கும் காரியம். இலவசச் சோதனைக்கு என்று ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால், முதலில் அதை எடுத்துப் படியுங்கள். அவருடைய நிறுவனமும் அந்தக் குறிப்பிட்ட மென்பொருளும் முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றனவா என்று நீங்களே அரசாங்கத்தின் கோபிசினஸ் இணையத்தளத்தில் பாருங்கள். இன்னொன்று, மானியம் செலவழித்தபின் திரும்பக் கிடைப்பது. முழுத் தொகையையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். தீபாவளிச் சரக்குக்குப் பணம் புரட்டும் மாதத்தில் இது பெரிய விஷயம்.

சோதனைக்காக உறுப்பினர் பட்டியலையும் அவர்கள் கணினியில் ஏற்றிவிட்டதாகச் சொல்கிறீர்கள். "இனி பாதுகாப்பு அவர்கள் பொறுப்பு" என்று நினைக்க வேண்டாம். உங்களுக்காக வேறொருவர் விவரங்களைக் கையாண்டாலும், நீங்களே கையாண்டதைப் போன்ற பொறுப்பு உங்களுக்கு உண்டு. 2016-இல் கே பாக்ஸ் என்ற கரோக்கி நிறுவனத்தின் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் விவரம் வெளியானதற்காக ஆணையம் அபராதம் விதித்தது. கணினி அமைப்பைப் பார்த்துக்கொண்ட நிறுவனத்துக்கு 10,000 வெள்ளி, கே பாக்ஸுக்கு 50,000 வெள்ளி. பெரிய தொகை யாருக்கு வந்தது என்று பாருங்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்:

- நாளை நீங்கள் விலகினால், கணக்கு முழுவதும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய கோப்பாகத் திரும்ப வருமா, அதற்குத் தனிக் கட்டணமா?
- தகவல் எந்த நாட்டில் சேமிக்கப்படுகிறது? வெளிநாட்டில் என்றால், இங்குள்ளதற்கு ஈடான பாதுகாப்பு உண்டு என்று எழுத்தில் வேண்டும்.
- கசிவு ஏற்பட்டால் உங்களுக்கு உடனே சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறதா?
- அவர்கள் ஊழியர்களில் யாரெல்லாம் உங்கள் கணக்கைத் திறந்து பார்க்க முடியும்?

முதல் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த மென்பொருளை வாங்காதீர்கள். உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் இதுவரை ஓர் ஊழியரின் கையில் சிக்கியிருந்தது. இனி கணக்கு முழுவதும் ஒரு நிறுவனத்தின் கையில் சிக்கினால் என்ன முன்னேற்றம்?

பழைய எக்செல் கோப்பையும் பில்களையும் புது மென்பொருள் வந்ததும் அழித்துவிட வேண்டாம். வரிக் கணக்குக்கான ஆவணங்களைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

கணினி எதைப் பார்க்கிறது?

நான் வழக்கறிஞர்தான், கணினி நிபுணர் அல்ல. ஆனால் சிறு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும்போது ஒரே தவறான நம்பிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மென்பொருள் வந்தால் அதுவே முடிவெடுத்துவிடும் என்கிற நம்பிக்கை அது. பதிவானதை மட்டுமே அது கூட்டிப் பார்க்கும்.

உங்கள் நல்லெண்ணெயையே எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு தீர்ந்துபோனது. அந்த நான்கு நாளும் கல்லாவில் நல்லெண்ணெய் விற்பனை சுழியம். கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. இந்த எண்களைக் கொடுத்து அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு என்று கேட்டால், போன ஆண்டு நீங்கள் வாங்கிய அதே போதாத அளவையே அது சொல்லும், சில சமயம் அதைவிடக் குறைத்தும் சொல்லும். மாவில் நடப்பது வேறு. தேதி முடியப்போகிறதே என்று கடைசி வாரத்தில் பாதி விலைக்குத் தள்ளியிருந்தால், அந்த விற்பனையைப் பார்த்து முறுக்கு மாவுக்கு நல்ல கிராக்கி என்று அது நினைத்துக்கொள்ளும். ஆகவே சரக்கு தீர்ந்த நாளையும், விலை குறைத்த நாளையும், கொட்டிய அளவையும் பதிவு செய்ய அந்த மென்பொருளில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். செயற்கை நுண்ணறிவு இருக்கிறதா என்பதைவிட இது முக்கியமான கேள்வி.

அப்புறம் பண்டிகைத் தேதி. தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிடும் மென்பொருள் 2026-இல் தடுமாறும். புரட்டாசி விஷயத்தை யோசியுங்கள். 2025-இல் புரட்டாசி முடிந்து இரண்டு மூன்று நாளில் தீபாவளி வந்துவிட்டது. ஆட்டிறைச்சி, மீன் வாங்குகிறவர்கள் எல்லாரும் அந்தச் சில நாளில்தான் வந்திருப்பார்கள். 2026-இல் நடுவே மூன்று வாரம் இருக்கிறது. உறைபதனப் பெட்டியை எப்போது நிரப்புவது என்பதே மாறிப்போகும். இது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். நாள்காட்டியில் எழுதிக் கொடுக்காவிட்டால் கணினிக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம்: ஒரே அரிசி உங்கள் எக்செல் கோப்பில் "பொன்னி 5 கிலோ", "பொன்னி அரிசி 5", "பொன்னி சின்னது" என்று மூன்று பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் மூன்று சரக்காகத்தான் கணக்கில் ஏறும். இதைச் சரிசெய்யாமல் எந்த மென்பொருளுக்கும் பணம் கட்டாதீர்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இரண்டு ஊழியர்களும் நீங்களும் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

இவ்வளவு நேரம் பேசிய எதிலும் வாடிக்கையாளரின் பெயர் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எத்தனை மூட்டை அரிசி வாங்குவது என்று முடிவெடுக்க, யார் வாங்கினார் என்று தெரிய வேண்டியதில்லை. தொழிலை மேம்படுத்துவதற்காக வாடிக்கையாளர் விவரங்களைத் திரும்பச் சம்மதம் கேட்காமல் பயன்படுத்த 2021 முதல் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை: ஆள் யார் என்று தெரியாமல் அந்தக் காரியத்தைச் செய்ய முடியாது என்றால் மட்டுமே. உங்கள் காரியத்தை ஆள் யார் என்று தெரியாமலே தாராளமாகச் செய்யலாம். சரக்கைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதி வையுங்கள். மனிதர்களைப் பற்றிக் குறைவாக, அவர்களுக்குத் தெரிந்தே, எழுதி வையுங்கள்.

அந்த மூத்த காசாளர்

ஒரு மாத அறிக்கையை வைத்து அவரை நிறுத்த வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஒரு பில்லுக்கு எத்தனை நொடி என்பதை அந்த அறிக்கை அளந்திருக்கிறது. அந்தப் பில்லில் எத்தனை பொருள், அவற்றில் எத்தனை எடைபோட வேண்டிய காய்கறி, அவர் எந்த நேரத்தில் வேலை செய்கிறார், யார் அவருடைய வரிசையைத் தேடி வருகிறார்கள் என்பதை அளக்கவில்லை. வயதானவர்கள் நிதானமாகச் சில்லறை எண்ணிக் கொடுப்பது அவரிடம்தான் என்றால் எண் அப்படித்தான் வரும். அதே அறிக்கையில் பொருள் கணக்கைச் சேர்த்து, தவறான பில், திருப்பிக் கொடுத்த பணம் இவற்றையும் எடுத்துப் பாருங்கள். அவருடைய கல்லா மாலையில் ஒரு வெள்ளி பிசகாமல் நேர்கிறதா என்றும் பாருங்கள்.

வேலையை மேற்பார்வையிட ஊழியர் விவரங்களைச் சேர்க்கலாம், ஆனால் அதை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். சோதனை மாதத்தில் நீங்கள் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. எல்லாரையும் கூப்பிட்டு, என்ன அளக்கப்படுகிறது, எதற்கு என்று சொல்லுங்கள். அந்த அம்மாவிடம் தனியாகவும் பேசுங்கள். ஸ்கேனர் சரியாகப் படிக்கவில்லை என்பது போன்ற காரணம்கூட வெளிவரலாம்.

அப்பாவிடம்

அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்று யோசிக்கிறீர்கள். அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியதுதான் நிறைய இருக்கிறது. எந்தச் சப்ளையர் பண்டிகைக்கு முன் தாமதிப்பார், கப்பல் சரக்கு எத்தனை வாரம் முன்னால் சொல்லியாக வேண்டும், ஈசூனில் எது போகாது, சிராங்கூன் ரோட்டில் எது போகும், பொங்கலுக்குப் பானையும் கரும்பும் எத்தனை என்பதெல்லாம் இன்றைக்கு அவர் தலையில் மட்டும் இருக்கிறது. பட்டியல் ஊழியரின் கைபேசியில் இருந்ததைவிட இது உங்கள் கடைக்குப் பெரிய ஆபத்து. கடந்த இரண்டு தீபாவளிகளின் விற்பனையை அச்செடுத்து அவர் முன் வையுங்கள். எந்த நாளில் எது தீர்ந்தது, எங்கே எண் பொய் சொல்கிறது என்று பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். கணினியை எதிர்ப்பவர்கூட, தப்பான கணக்கைத் திருத்தச் சொன்னால் கண்ணாடியைத் தேடுவார்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தகவல் பாதுகாப்பு அதிகாரியை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியைப் பொதுவில் வைக்க வேண்டும். பெரிய பதவி என்று பயப்பட வேண்டாம், நீங்களே இருக்கலாம். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளம் வழியாகப் பதிந்துவிடலாம். மென்பொருள் தேர்வில் விற்பனையாளர் அல்லாத ஒருவரின் கருத்து வேண்டுமானால், சிங்கப்பூர் இந்தியர் வர்த்தகத் தொழிற்சபையில் இயங்கும் சிறு, நடுத்தர நிறுவன நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். ஆணையத்துக்கு அனுப்பும் அறிக்கையை எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். நோட்டில் குறித்த தேதிகளையும் வாடிக்கையாளர்கள் அனுப்பிய படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.